எதிர்த்தரப்பு தேடியவர்கள்

என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு சில வருடங்கள் நான் அமெரிக்க அரசியலை நடுவில் நிறுத்துகிற வேலை பார்த்தேன். காரைக்குடியில் இப்படிச் சொன்னால் வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள். அதனால் கேட்டவர்களிடமெல்லாம், அமெரிக்காவில் ஒரு ஆபீசுக்கு இங்கிலீஷ் திருத்திக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அதுவும் உண்மைதான். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, பழைய மாணவி ஒருத்தி கைகாட்டிவிட்டதில் இது கிடைத்தது.

நிறுவனம் வாஷிங்டனில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கொள்கை ஆய்வு நிறுவனம் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். அங்கே இரண்டு பெரிய கட்சிகள் இருக்கின்றன அல்லவா, அந்த இரண்டையும் சேராதவர்கள் என்பதுதான் இவர்கள் விற்கிற சரக்கு. வரியோ மருத்துவமோ எல்லையோ பள்ளிக்கூடமோ எதுவானாலும், இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆகவே நாங்கள் நடுவில் இதைச் சொல்கிறோம் என்று ஓர் அறிக்கை போடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றக் குழுக்களில் போய்ப் பேசுவார்கள், டிவியில் உட்காருவார்கள், உறுப்பினர்களுக்கு மசோதாவின் வாசகம்கூட எழுதிக் கொடுப்பார்கள். ஒரு கட்சி தோற்றால் அந்தக் கட்சியின் அதிகாரிகள் இங்கே வந்து உட்காருவார்கள். ஆட்சி மாறியதும் அவர்கள் எழுந்து போக, தோற்ற அடுத்த கட்சிக்காரர்கள் வருவார்கள். உட்கார்ந்திருக்கும் காலத்தில் அவர்களுக்கு அறிஞர் என்று பட்டம்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அப்ப பஸ் ஸ்டாண்டுல ஏசி போட்ட வெயிட்டிங் ஹால் மாதிரி. அடுத்த வண்டி வர்ற வரைக்கும்."

"அப்புடித்தான் வச்சுக்கங்க."

"ரெண்டு பக்கத்துக்கும் நல்லவங்களா இருக்கதுக்குச் சம்பளமா? நம்மூருல இத ஓசியிலல்ல பண்ணுறாய்ங்க."

சிரித்துக்கொண்டேன். அவருக்கு இந்த நடு என்ற சொல்லே ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சமயம் பக்கத்துக் கிராமத்தில் புதிய டிரான்ஸ்பார்மரை எங்கே வைப்பது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு. எங்கள் பக்கம் வைக்கக்கூடாது என்று இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டு, டீ குடித்து, சரி நடுவில் வைத்துவிடுங்கள் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவர் கம்பியும் ஆளுமாகப் போய்ப் பார்த்தால், அந்த நடு என்பது கூட்டத்துக்கே கூப்பிடப்படாத ஒரு பெண்ணின் வீட்டு வாசல். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து யாராவது நடுவில் முடித்துக்கொள்ளலாம் என்றால், அது யாரு வாசல் என்று கேட்பார்.

என் வேலைக்கு வருகிறேன். எழுத்துப்பிழை பார்ப்பது அதில் சின்னப் பகுதிதான். சமநிலை பார்ப்பதுதான் பெரிய பகுதி. ஒரு கட்சியை நான்கு வரி குறை சொல்லியிருந்தால் மற்றதையும் நான்கு வரி குறை சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வரியை எண்ணிப் பார்க்கச் சொல்லியே எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு தரப்பு பட்டப்பகலில் ஓர் அக்கிரமத்தைச் செய்திருக்கும். மறு தரப்பு அந்த விஷயத்தில் ஒன்றுமே செய்திருக்காது. அப்போது பாவம், ஆய்வாளர்கள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். மறு தரப்பைச் சேர்ந்த யாரோ ஒருவர் என்றைக்கோ ஒரு கூட்டத்தில் வாய் தவறிச் சொன்னதைத் தோண்டி எடுத்து, நான்கு வரிக்கு இழுத்து நீட்டி, இதோ பாருங்கள், இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது என்று வைப்பார்கள். நான் அதற்குக் காற்புள்ளி போட்டுக் கொடுப்பேன்.

இந்த அறிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பிறகுதான் புரிந்தது, படிப்பதற்காக அவை எழுதப்படுவதில்லை. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருக்க விரும்புகிற அரசியல்வாதி கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பிரச்சினை சிக்கலானது, நடுநிலையாளர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று காட்ட அது உதவும். அதற்குத்தான் அவ்வளவு படித்தவர்கள், அவ்வளவு பெரிய கட்டடம்.

இதையெல்லாம் நான் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகளின் விஷயம் அந்த மேஜைக்கு வந்த பிறகு வேடிக்கை பார்க்க முடியவில்லை.

தங்கையும் அவள் கணவரும் வேலை விசாவில் அமெரிக்கா போனபோது பிள்ளை கைக்குழந்தை. நடக்கப் பழகியது, பல் விழுந்து முளைத்தது, சைக்கிள் ஓட்டிக் கையை முறித்துக்கொண்டது எல்லாம் அங்கேதான். நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு அவள் அப்பா விண்ணப்பித்துவிட்டு வரிசையில் நின்றார். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை எறும்பு நகர்கிற மாதிரிகூட நகராது. பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை அப்பாவின் விசாவிலேயே அவளும் இருக்கலாம். ஆகிவிட்டால் அவள் தனி ஆள். அப்பா வரிசையிலேயே நிற்பார், மகள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இப்படிச் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் அங்கே ஏராளம்.

அவள் பேசுகிற தமிழ் முழுக்க அம்மாவிடம் கேட்டுப் பழகியது. அதில் காரைக்குடிக்கு வெளியே ஒன்றும் கிடையாது. போனை எடுத்ததும், "பெரியம்மா, சாப்புட்டீகளா? பெரியப்பா வந்துட்டாகளா?" என்பாள். அடுத்த வாக்கியமே அமெரிக்க ஆங்கிலத்தில் பாயும். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் போதவில்லை, அவசரமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இதே நிறுவனம் போட்ட அறிக்கையை நான்தான் திருத்திக் கொடுத்திருந்தேன்.

அவளுக்கு இருபது முடிந்து வந்த மாசியில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நீ நம்ப மாட்டேன்னு தெரியும். எனக்காகத் திருக்கோஷ்டியூர் போயி ஒரு வெளக்கு எடுத்து வையி."

திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்துக்கு எங்கள் பக்கத்து ஜனம் பூராவும் போகும். தெப்பக்குளத்தைச் சுற்றிப் படியெல்லாம் அகல் ஏற்றுவார்கள். மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு, அங்கே எரிந்த விளக்கு ஒன்றை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டியது நடந்துவிட்டால் அடுத்த மாசிக்கு அந்த விளக்கைக் கொண்டுபோய், கூடவே புது விளக்குகளும் ஏற்றிவிட்டு வர வேண்டும். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் போனேன். கூட்டத்தில் இடிபட்டுப் படியிறங்கி, தங்கை மகள் அவள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி, ஓர் அகலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். சுற்றிலும் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆக வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், கேஸ் ஜெயிக்க வேண்டும். பாதிக் கல்யாணம் போதும் என்று யாரும் கேட்டமாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், நிறுவனம் இப்படி விசாவில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றியே ஓர் அறிக்கை எழுத முடிவு செய்தது. எழுதியவர் என் வயதுள்ள ஒரு ஆய்வாளர் அம்மாள், ஒழுங்கானவர். அவருடைய முதல் வரைவு என்னிடம் வந்தது. விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளைகள் இங்கேயே வளர்ந்தவர்கள், இவர்களை இருக்க விட வேண்டும் என்று இரண்டு கட்சி உறுப்பினர்களும் சொல்கிறார்கள். தான் பேசிப் பார்த்தவர்களில் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சின்னத் திருத்தம் போதும், அதை நிறைவேற்றலாம். அவ்வளவுதான். அந்த நிறுவனத்தில் இருந்து இவ்வளவு நேராக ஒரு பக்கம் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து தங்கைக்குப் போன் செய்தேன்.

"நெசமாவாக்கா?"

"எழுதியிருக்காக. நானே படிச்சேன்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரமே வீடியோவில் கூட்டம். அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பால்காரர் வருகிற சாயங்காலம். நிறுவனத்தின் இயக்குநர் நரைத்த தாடியும் மெத்தென்ற குரலும் உள்ளவர். வாழ்நாளில் யாரையும் பார்த்து இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார். யார் என்ன கேட்டாலும், மிக நல்ல கேள்வி என்றுதான் ஆரம்பிப்பார், பதில் மட்டும் வராது. வரைவு மிகவும் வலுவாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, ஆனால் ஒரு பக்கமாக இருக்கிறதே என்றார்.

இரண்டு பக்கமும் ஒரே கருத்தாக இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வாளர் அம்மாள் சொன்னார்.

இயக்குநர் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் யோசித்தார். அப்படியென்றால் இதில் நம்முடைய பங்களிப்பு என்ன என்று கேட்டார். கேலியாக இல்லை, மனப்பூர்வமாகவே கேட்டார். திரையில் இருந்த சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லாத் தலைகளும் ஆடின. நடுவில் நிற்பதுதானே அவர்கள் தொழில். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டால் நடு என்று ஒன்று எங்கே இருக்கும்? ஆகவே எதிர்த்தரப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று முடிவாயிற்று. உலகத்தில் சண்டை போடுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிறவர்கள் உண்டு. சமாதானமாக இருப்பவர்களைப் பார்த்துத் திகைத்துப்போய் சண்டைக்கு ஆள் தேடியவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தத் தேடலும் லேசில் முடியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் யாருமே வரக்கூடாது என்று ஊர் ஊராகப் பேசித் திரிகிற ஒருவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அவரே, இந்தப் பிள்ளைகள் பாவம், இவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதோடு விட்டிருக்க வேண்டும் அல்லவா? விடவில்லை. இன்னும் தேடினார்கள். கடைசியில் சட்டம் என்றால் சட்டம் என்று சொல்லக்கூடிய ஒருவர், தொலைதூர மாநிலம் ஒன்றில் அகப்பட்டார். அவருக்கு அறிக்கையில் சரிபாதி வரிகள் ஒதுக்கப்பட்டன. வரிகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும்படி எனக்கு வந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். அதுவரை ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வழக்கம். இது என் தங்கை மகளுடைய வாழ்க்கை, இரண்டு பேர் ஒத்துப்போனால் ஒத்துப்போகிறார்கள் என்றே எழுதுங்கள் என்றேன். இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார். உங்கள் கருத்தை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. எனக்குச் சொந்த நலன் இருப்பதால் இந்த அறிக்கையிலிருந்து என்னை விலக்கி வைக்கிறார்களாம். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களை வரிசையிலேயே நிறுத்தி, வேறு வேலைக்கு லேசில் மாற முடியாதபடி வேலை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொந்த நலன் எதுவும் இல்லை போலும். கீழே இன்னொரு பத்தி இருந்தது. அறிக்கை வெளியீட்டு விழாவில் உங்கள் தங்கை மகள் மேடையில் பேச விரும்புவாரா?

முடியாது என்று பதில் எழுதத்தான் போனேன். ஆனால் கேட்டிருப்பது அவளிடம், முடிவு செய்ய வேண்டியவளும் அவள்தான். போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒன்னய ஒரு பக்கத்து நாற்காலில ஒக்கார வப்பாக. எதுத்தாப்புல ஒருத்தன ஒக்கார வப்பாக. அப்பறம் ரெண்டுக்கும் நடுவுலன்னு ஒண்ணச் சொல்லுவாக. அதுக்குத்தான் கூப்புடுறாக."

"தெரியுது பெரியம்மா. ஆனா என்னய நேருல பாத்தாகன்னா புரிஞ்சுக்குவாகல்ல?"

இருபது வயதில் வேறு எப்படி நினைப்பாள்? போய் வா என்றேன்.

விழா எங்களுக்குச் சாயங்கால நேரம். கீழே கூடத்தில் லேப்டாப்பை வைத்து நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான் சொன்னபடியே மேடையில் மூன்று நாற்காலிகள். இந்தப் பக்கம் எங்கள் பிள்ளை. தங்கை எடுத்துக் கொடுத்திருந்த நீலச் சுடிதார், கையில் துண்டுக் காகிதம். அந்தப் பக்கம் தொலைதூர மாநிலத்துக்காரர். நடுவில் தாடி.

முதலில் அவள் பேசினாள். எங்கே படித்தாள், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிறாள், வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொன்னாள். நான் என் வீட்டில் இருக்க விரும்புகிறேன், இதைத் தவிர எனக்கு எந்தக் கொள்கையும் இல்லை என்றாள். எதிர் நாற்காலிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டத்தைப் பற்றிப் பேசினார். அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்த மாதிரித்தான் தெரிந்தது. இயக்குநர் கைகளைக் கோத்துக்கொண்டு, இரண்டு முனைகளில் இருந்தும் கேட்டுவிட்டோம் என்றார்.

முனையாம். தன் வீட்டில் தூங்கி எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற பெண் ஒரு முனை.

"இந்தப் புள்ள என்ன முனை?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

மேடையில் அவள் கையைத் தூக்கினாள். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்றாள். நான் இருக்க வேண்டும் என்கிறேன், இவர் போக வேண்டும் என்கிறார், இதில் நடு என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள். மிக நல்ல கேள்வி என்றார் இயக்குநர். பிறகு முன்னாலேயே அச்சடித்து வைத்திருந்த பரிந்துரையை வாசித்தார். இந்தப் பிள்ளைகள் கௌரவமாகக் கிளம்புவதற்கு ஒரு கூடுதல் அவகாசம் கொடுக்கலாம். மூட்டை கட்ட நேரம். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் பிள்ளை தட்டவில்லை, காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றினார். திரும்பி வரும்போது, "இவிங்க நடுவும் யாரு வாசலுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

விழா முடிந்ததும் அவளுக்கு நிறுவனத்தின் பெயர் அச்சடித்த ஒரு துணிப்பையும் ஒரு காப்பிக் குவளையும் கொடுத்து அனுப்பினார்களாம்.

அறிக்கை வெளியே போன பிறகு நடந்ததை அந்த ஆய்வாளர் அம்மாள்தான் எனக்கு எழுதினார். முன்பு சரி என்று சொன்ன உறுப்பினர்களிடம் திரும்பப் போனால், இதில் கருத்து வேறுபாடு இருக்கிறதே, நடுநிலை நிறுவனமே சொல்கிறதே என்று நழுவிவிட்டார்கள். யாருக்கும் எதிர்ப்பில்லாமல் இருந்த ஒரு விஷயத்தை இரண்டு பக்கங்கள் உள்ள விஷயமாக மாற்றியாகிவிட்டது. இரண்டு பக்கங்கள் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் அல்லவா, பொறுத்துப் பார்த்தார்கள். அந்த மூட்டை கட்டும் அவகாசத்தைக்கூடக் கடைசியில் யாரும் சட்டமாக்கவில்லை. நாம் விவாதத்தை முன்னெடுத்துச் சென்றிருக்கிறோம் என்று இயக்குநர் எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அங்கே வெகுகாலம் இருக்கவில்லை.

எங்கள் பிள்ளை மேலே படிக்க இடம் வாங்கி, மாணவர் விசாவுக்கு மாற விண்ணப்பித்தாள். அதற்கு ஒன்றை நம்ப வைக்க வேண்டும். தன் வீடு இந்தியாவில் இருக்கிறது, படித்து முடித்ததும் அங்கே திரும்பிப் போய்விடுவேன் என்று. காரைக்குடியில் பெரியம்மா வீடு இருக்கிறது என்று எழுதினாள். அவர்கள் நம்பவில்லை. உண்மையில் உன் வீடு இங்கேதான் இருக்கிறது போலத் தெரிகிறது, ஆகவே மாணவர் விசா கிடையாது என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. அந்த நாட்டின் அரசாங்கம் அவளுடைய வீடு எங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். திருச்சி விமான நிலையத்தில் நாங்கள் போய்க் கூட்டி வந்தோம். இரண்டு பெரிய பெட்டி, தோளில் அந்தத் துணிப்பை. புதுக்கோட்டை தாண்டியதும், "பெரியப்பா, டயர்டா இருந்தா நிப்பாட்டிக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஊரில் அமெரிக்காவிலிருந்து யார் வந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். எப்ப வந்தீக, எப்ப ஊருக்குப் போறீக? லீவில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய வாய். மளிகைக் கடைக்காரர் கேட்டார், பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், கேபிள் டிவி ஆள் கேட்டார். முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். இங்கே நர்சாக வேலை பார்க்க வேண்டுமென்றால் அவள் படிப்பை இங்கே பதிய வேண்டும், அது ஆகிற வழியாக இல்லை. அந்தத் துணிப்பையை நான் காய்கறி வாங்க எடுத்துப் போனேன். கத்தரிக்காய் நன்றாகவே அடங்கியது. அந்த நிறுவனம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பை.

அப்போதுதான் இயக்குநரிடமிருந்து அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் ஊர் மாறியது பற்றிக் கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்திருந்தார். ஊர் மாறினாளாம், வாடகை வீடு மாறுகிற மாதிரி. இப்போது இரண்டு நாடுகளின் பார்வையும் உங்களுக்கு இருக்கிறது, அது அபூர்வமான சமநிலை, காரைக்குடியிலிருந்தபடியே எங்களுக்கு எழுத முடியுமா, உங்கள் பெரியம்மாவுடனேயே சேர்ந்து வேலை பார்க்கலாமே என்று நீளமாகப் போயிருந்தது. அதில் கேலியே கிடையாது. அந்த மனிதர் நல்லது செய்வதாகவே நினைத்துத்தான் எழுதியிருந்தார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாடிக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினாள்.

"பெரியம்மா, பதில எத்தன வரி எழுதணும்?"

"அவுக எழுதுன அளவுக்குச் சமமா எழுதணும். அதான் அங்க ரூல்."

வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினாள். நான் என் வேலையை விடுகிறேன் என்று எழுதி அதன் பின்னாலேயே அனுப்பினேன். எனக்கு வந்த பதிலில், உங்கள் முடிவின் இரண்டு பக்கங்களையும் மதிக்கிறோம் என்று இருந்தது.

மாசி வந்தது. பழைய விளக்கு பூஜை அலமாரியில் துணியில் சுற்றியபடி இருந்தது. நடந்தால்தானே திருப்பி வைப்பதற்கு? போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் அலமாரியில் எதையோ தேடும்போது அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அம்மா என்ன வேண்டுனாக?"

"நீ ஒன் வீட்டுல இருக்கணும்னு."

அகலைத் துணியிலேயே திரும்பச் சுற்றினாள். பிறகு, போவோம் பெரியம்மா என்றாள்.

திருக்கோஷ்டியூரில் பொழுது சாய்கிற நேரம். குளத்துப் படிகளில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பேரும் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து இறங்கினோம். விளக்கேற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், "அங்குட்டு ஓரமா வாங்க, சேலையில தீப் பட்டுறப் போகுது" என்று எங்களுக்கு இடம் விட்டார். எங்கள் பிள்ளையின் நடையையும் செருப்பையும் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"வெளிநாடாத்தா?"

"ஆமாக்கா. அமெரிக்கா."

"எப்ப ஊருக்குப் போற?"

இதற்குத்தான் இவளை அழைத்து வர யோசித்தேன். அவள் மழுப்பவில்லை. குனிந்து, படியில் எரிந்து முடிந்திருந்த அகல்களில் ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அதக் கேக்கத்தாங்க்கா வந்தேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் நல்லா கேட்டுக்கத்தா, நடக்கும் என்றார். அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, நின்றது. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, அம்மாவயும் அப்பாவயும் ஒரு தடவ பாக்குறதுக்காச்சும் விட்டாப் போதும்னு கேக்கவா?"

அந்தத் தாடிக்காரன் என் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். வீட்டுக்குப் போகணும்னு கேளு. முழுசாக் கேளு."